ஃபோர்க்லிஃப்ட் பராமரிப்பு: கம்பெனி ஏ.எம்.சி.யா, வெளி மெக்கானிக்கா, சொந்த ஆளா?

பெங்களூரைச் சுற்றிக் கோடவுன் நடத்துகிறவர்களிடம் ஃபோர்க்லிஃப்ட் பராமரிப்பு என்று வாயெடுத்தால் பேச்சு நேரே கொட்டேஷனுக்குப் போய்விடும். கம்பெனிக்காரர் ஏ.எம்.சி.க்கு, அதாவது வருஷாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு, இவ்வளவு கேட்கிறார், பீன்யாவில் ஒரு மெக்கானிக் அதில் பாதிக்குச் செய்து தருகிறேன் என்கிறார், எதை எடுக்கலாம்? இப்படிக் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். உங்கள் வண்டி மாதத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்ற விவரம் அந்த இரண்டு தாளிலும் இருக்காது. அது தெரியாமல் எந்தக் கொட்டேஷனையும் மலிவு என்றோ அதிகம் என்றோ சொல்ல முடியாது.

அதனால் முதலில் ஹவர் மீட்டரைப் பாருங்கள். பொம்மசந்திராவில் ஒரே ஷிப்ட் ஓடும் கோடவுனில் வண்டி உண்மையில் ஒரு நாளைக்கு 6 மணி நேரம் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 26 நாளுக்கு 156 மணி. மூன்று மாதத்துக்கு 468. இரண்டு ஷிப்ட் என்றால் நாளைக்கு 12 மணி, மாதத்துக்கு 312, மூன்று மாதத்துக்கு 936. டீசல் வண்டிகளுக்குப் பொதுவாக 250 மணிக்கு ஒருமுறை இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றச் சொல்வார்கள் (உங்கள் மேனுவலில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு). இப்போது ஏ.எம்.சி. தாளைத் திருப்பிப் பாருங்கள். "வருஷத்துக்கு நான்கு விசிட்" என்று இருக்கும். ஒரு ஷிப்ட் கோடவுனுக்கே அது போதாது. இரண்டு ஷிப்ட்டில் ஒரு விசிட்டுக்கும் அடுத்த விசிட்டுக்கும் நடுவே மூன்று சர்வீஸ் விட்டுப்போகும். காலண்டரைப் பார்த்து வருகிறவரையும் மணியைப் பார்த்துத் தேய்கிற வண்டியையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஃபோர்க்லிஃப்ட் பராமரிப்பில் மூன்று வேலை இருக்கிறது. தினம் ஷிப்ட் தொடங்குமுன் ஆபரேட்டர் பார்ப்பது, மணிக்கணக்கில் வரும் சர்வீஸ், திடீரென்று நின்றால் வரும் பிரேக்டவுன். கொட்டேஷன் கொடுக்கிற யாரும் பின் இரண்டைத்தான் விற்கிறார்கள். முதலாவது எப்போதும் உங்கள் தலையில்தான். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதியே தினம் ஒருமுறை, இராப்பகலாக ஓடும் வண்டி என்றால் ஒவ்வொரு ஷிப்ட்டுக்குப் பிறகும் சோதிக்கச் சொல்கிறது. பழுது கண்டால் சரி செய்யும்வரை ஓட்டக்கூடாது என்கிறது. நம்ம ஊர்க் கோடவுன்களிலும் செக்லிஸ்ட் இருக்கிறது, நல்ல இங்கிலீஷில். ஓட்டுகிறவர் கிருஷ்ணகிரியிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ வந்தவர், அல்லது பீகார்க்காரர். திங்கட்கிழமை காலையிலேயே சனிக்கிழமை வரைக்கும் டிக் விழுந்துவிடும்.

"என்ன தம்பி, நாளைக்குப் பிரேக் எப்படி இருக்கும்னு இன்னிக்கே தெரிஞ்சுபோச்சா?" என்று கேட்டால், "ஆடிட்டுக்குக் கேப்பாங்கன்னு சொன்னாங்க அண்ணா" என்று பதில் வரும். அவர் மேல் தப்பு சொல்ல எனக்கு மனசு வராது. முப்பது வரி இங்கிலீஷ் தாளை எடுத்துவிட்டு, பிரேக், ஹாரன், ஸ்டியரிங், ஆயில் ஒழுகல், ஃபோர்க், செயின், டயர், சீட் பெல்ட் என்று எட்டு வரியைத் தமிழிலும் இந்தியிலும் கன்னடத்திலும் ஒட்டினால் பாதி நிலைமை மாறும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

கம்பெனி ஏ.எம்.சி.

இதில் இரண்டு வகை. ஒன்று, லேபர் மட்டும். ஆள் வருவார், பார்ப்பார், செய்வார். ஸ்பேர், ஆயில் எல்லாம் தனி பில். இன்னொன்று காம்ப்ரிஹென்சிவ், அதாவது ஸ்பேரும் சேர்ந்தது. இரண்டாவதின் தொகையைப் பார்த்ததும் பலர் பின்வாங்குவார்கள். மற்ற சிலர், "எல்லாம் அடங்கியாச்சு, இனிக் கவலை இல்லை" என்று கையெழுத்துப் போடுவார்கள். இரண்டாமவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

எல்லாம் அடங்கியது என்ற ஒப்பந்தத்தில் பெரும்பாலும் அடங்காதவை: டயர், பேட்டரி, ஃபோர்க், சீட், விளக்குகள், ஆயில், ஃபில்டர், மோதலால் வந்த சேதம். கூட்டிப் பாருங்கள். கோடவுனில் அடிக்கடி செலவு வைப்பவை இவைதான். ரேக்கில் இடித்து, மாஸ்ட்டை (ஃபோர்க்கை ஏற்றி இறக்கும் தூண்) முன்பின் சாய்க்கும் டில்ட் சிலிண்டரின் ராடில் கீறல் விழுந்து சீல் போனால், அது தேய்மானமா, மோதலா? இந்த ஒரு கேள்விக்காகவே மூன்று நாள் மெயில் ஓடும். வண்டி மூலையில் நிற்கும். ஆகவே காம்ப்ரிஹென்சிவ் எடுக்கிறவர்கள் விலையைப் பேசுவதற்கு முன் விலக்குப் பட்டியலைப் பேசவேண்டும். டயரையும் ஹோஸையும் உள்ளே கொண்டுவர முடிந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை.

பேசவேண்டிய இன்னொரு வரி, சர்வீஸ் எப்போது என்பது. "மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அல்லது 250 மணிக்கு ஒருமுறை, எது முன்னால் வருகிறதோ அது" என்று எழுதச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாதவர் மணிக்கணக்கில் ரேட் கேட்பார். அதுவும் நல்லதுதான், குறைந்தபட்சம் நேர்மையான கணக்கு.

மூன்றாவது, பிரேக்டவுனுக்கு எத்தனை மணி நேரத்தில் ஆள். "24 மணி நேரத்துக்குள்" என்று எழுதியிருக்கும். எதற்குள்? போனை எடுப்பதற்குள்ளா, ஆள் கேட்டில் நிற்பதற்குள்ளா, வண்டி ஓடுவதற்குள்ளா? பெங்களூரில் இது சின்ன விஷயமே இல்லை. சர்வீஸ் ஆபீஸ் பீன்யாவில், கோடவுன் அத்திப்பள்ளியில் என்றால் நடுவில் மொத்த ஊரும் கிடக்கிறது. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொண்ட இன்ஜினியரை நொந்து புண்ணியமில்லை. நைஸ் ரோட்டில் சுற்றி வந்தாலும் காலையில் கூப்பிட்டவருக்கு மதியம்தான். நெலமங்கலா, டாபஸ்பேட்டைக்காரர்களுக்குப் பீன்யா ஆபீஸ் வரப்பிரசாதம்; அதே கம்பெனி, அதே ரேட், ஜிகணிக்காரருக்கு வேறு அனுபவம். ஹொஸ்கோட்டேக்காரர்கள் இரண்டுக்கும் நடுவில் தொங்குவார்கள். யார் நல்ல கம்பெனி என்று விசாரிப்பதைவிட, உங்கள் பகுதிக்கு வரும் இன்ஜினியர் எங்கே குடியிருக்கிறார், அவர் கையில் எத்தனை வண்டி என்று விசாரித்தால் உண்மை தெரியும்.

வண்டி நின்றால் என்ன செலவு என்பதும் இந்தக் கணக்கில் சேரவேண்டும். கனரக லாரிகளுக்கு ஊருக்குள் பகலில் நேரக் கட்டுப்பாடு இருப்பதால், லோடு இறக்கத் தாமதமாகி நேரம் தப்பிய லாரி இரவு வரை அங்கேயே கிடக்கும். ஹால்ட்டிங் சார்ஜ் ஏறும். அதற்குள் சூபர்வைசர் பத்து ஆளை வைத்துக் கையால் இறக்க ஆரம்பிப்பார், யாருக்காவது முதுகு பிடிக்கும். இந்தச் செலவு எந்த ஏ.எம்.சி. ஒப்பீட்டு அட்டவணையிலும் வராது.

கம்பெனி வழியின் பலம் என்ன? புது எலக்ட்ரிக் வண்டி, ரீச் டிரக் (உயர ரேக்குகளுக்கான வண்டி) இவற்றுக்கு வேறு வழியே கிடையாது என்று சொல்லலாம். டிஸ்ப்ளேயில் எரர் கோடு வந்தால் கன்ட்ரோலருக்குள் (மோட்டாரை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டி) போய்ப் பார்க்க அவர்களுடைய லேப்டாப் வேண்டும். வாரண்டி காலத்தில் வெளி ஆள் கை வைத்தால் கம்பெனி கை விரித்துவிடும். அப்புறம் ரிப்பேர் நேரத்துப் பாதுகாப்பு. பயிற்சி பெற்ற இன்ஜினியர் மாஸ்ட்டைத் தூக்கிவிட்டு அதன் கீழ் வேலை செய்யும்போது அது இறங்காதபடி பிளாக் (முட்டு) கொடுப்பார், சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்வார், பேட்டரி பிளக்கைக் கழற்றுவார். இது பணத்தில் அளக்க முடியாத வித்தியாசம்.

வெளி மெக்கானிக்

ஒவ்வொரு இண்டஸ்ட்ரியல் ஏரியாவிலும் இப்படி ஒருவர் இருப்பார். பழைய டீலரிடம் பத்துப் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவர். பைக்கின் பக்கத்துப் பெட்டியில் ஸ்பேனர், மல்டிமீட்டர், சீல் கிட் நாலைந்து. போன் அடித்தால் முக்கால் மணியில் கேட்டில் நிற்பார். ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்தால் கழற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து ஹோஸ் கடையில் அதே அளவுக்கு அடித்து வாங்கி மாட்டி, டீ குடிப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிடுவார். பழைய டீசல் வண்டிக்கு ஜே.சி. ரோட்டில் எந்தக் கடையில் எந்த பேரிங் கிடைக்கும் என்பது அவர் தலைக்குள் இருக்கும். பத்து வருஷம் தாண்டிய 3 டன் டீசல் வண்டிக்கு இவரைவிட நல்ல ஆள் கிடைப்பது அரிது. கம்பெனிக்கு அந்த மாடலில் அக்கறையே போயிருக்கும்.

ஆனால் ஒரு பழக்கம் இருக்கிறது, அதைத்தான் நான் பயந்து பார்ப்பேன். டைரக்ட் கொடுத்துவிடுவது. சீட்டில் ஆள் உட்கார்ந்தால்தான் வண்டி நகரவேண்டும் என்று சீட்டுக்கடியில் ஒரு சுவிட்ச் இருக்கும். அது கெட்டுப்போனால் புதுசு வர இரண்டு நாள். லாரி காத்திருக்கிறது. இரண்டு ஒயரைச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினால் வண்டி ஓடும். "தற்காலிகமா கொடுத்திருக்கேன் சார், ஸ்பேர் வந்ததும் மாத்திடறேன்" என்பார். அந்த ஸ்பேர் வரவே வராது. யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒருநாள் ஆபரேட்டர் இறங்கி நின்றுகொண்டு வெளியிலிருந்தே லீவரைத் தட்டுவார், மாஸ்ட்டுக்கும் பாடிக்கும் நடுவே கை இருக்கும். ரிவர்ஸ் பஸ்ஸரும் இப்படித்தான். சத்தம் தொந்தரவு என்று ஆபரேட்டர்களே ஒயரை வெட்டிவிடுவார்கள், மெக்கானிக் அதைத் திரும்பச் சேர்ப்பதில்லை.

வெளி மெக்கானிக்கை வைத்துக்கொள்கிறவர்கள் கட்டணம் பேசும்போதே இதையும் பேசிவிடலாம். எந்தப் பாதுகாப்பு சுவிட்சையும் டைரக்ட் கொடுக்கக்கூடாது. அப்படித்தான் கிளப்பமுடியும் என்றால் வண்டி நிற்கட்டும், சாவி என்னிடம். ஃபோர்க்கில் வெல்டிங் அறவே கூடாது. வெட்டு விழுந்த ஃபோர்க்கைக் கட்டடம் கட்டுகிற இடத்து வெல்டரிடம் கொடுத்துப் பற்றவைத்து ஓட்டுகிற கோடவுன்கள் உண்டு. சூட்டில் அந்த எஃகின் பதம் போய்விடும். வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஒரு டன் தூக்கும்போது முறியும். மாற்றிய பொருளின் பழைய பீஸை உங்கள் மேஜையில் வைக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முகத்தைச் சுளிக்காமல் ஒப்புக்கொள்கிறவர் நல்ல மெக்கானிக்.

சொந்த ஆள்

ஐ.டி.ஐ. முடித்த ஒரு பையனை எடுத்து, ஒரு கம்பெனி டிரெயினிங்குக்கு அனுப்பி, கோடவுனிலேயே வைத்துக்கொள்வது. மூன்று வண்டி வரைக்கும் ஒரு முழுச் சம்பளம் இதற்கு நியாயப்படாது. பத்தைத் தாண்டினால் சம்பளம் கட்டுப்படியாகும். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் குழப்பம்.

சொந்த ஆளின் பலம், அவர் வண்டியின் குரலை அறிவார். நேற்று இல்லாத முனகல் இன்று மாஸ்ட் ரோலரில் கேட்டால் நின்று பார்ப்பார். விசிட்டுக்கு வருகிற இன்ஜினியருக்கு நேற்றைய சத்தம் தெரியாது. பலவீனம், ஒரே ஆள் என்பது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர் ஊருக்குப் போவார், உங்கள் லோடு உச்சத்தில் இருப்பதும் தீபாவளிக்கு முன்னால்தான். இரண்டு வருஷம் பழக்கி எடுத்தபின் பக்கத்துக் கோடவுன்காரர் கொஞ்சம் கூடக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போவதும் நடக்கும்.

ஆயுத பூஜையை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. வருஷத்துக்கு ஒருநாள் வண்டிக்குக் குளியல். டீசல் வண்டி என்றால் பரவாயில்லை. எலக்ட்ரிக் வண்டியையும் அதே பிரஷர் வாட்டரில் அடித்து, மாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, மறுநாள் கன்ட்ரோலர் எரர் என்று சர்வீஸுக்குப் போன் போடுவார்கள். சொந்த ஆள் ஒருவர் இருந்தால் அந்த ஒரு நாளைக்காவது தண்ணீர்க் குழாயைப் பிடுங்கி வைப்பார். எலக்ட்ரிக் வண்டிக்கு ஏர் அடித்து ஈரத்துணியால் துடைத்தாலே போதும், சாமி கோபித்துக்கொள்ளாது.

பேட்டரி

எந்த வழியை எடுத்தாலும் லெட் ஆசிட் பேட்டரி பெரும்பாலும் ஒப்பந்தத்துக்கு வெளியேதான் நிற்கும். எலக்ட்ரிக் வண்டியில் விலை உயர்ந்த ஒற்றைப் பொருளும் அதுதான். 48 வோல்ட் பேட்டரி என்றால் 2 வோல்ட் செல் 24. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் சுமார் 1,500 சார்ஜ் வரை உழைக்கும். நாளைக்கு ஒரு சார்ஜ், வருஷத்துக்கு 300 நாள் என்றால் ஐந்து வருஷம். இரண்டு வருஷத்திலேயே கைவிட்டது என்று சொல்லும் இடங்களில் போய்ப் பார்த்தால் காரணம் அநேகமாகத் தண்ணீராகத்தான் இருக்கும்.

டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றவேண்டும். பெங்களூரில் பாதிக் கோடவுன் போர்வெல் தண்ணீரில் ஓடுகிறது, அதன் உப்பு பைப்பிலேயே படிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை யாரும் பேட்டரியில் ஊற்றமாட்டார்கள் என்று நினைத்தால், ஊற்றுவார்கள். கேன் காலியானால் குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுவார்கள், "சுத்தமான தண்ணிதானே" என்று. குடிக்கச் சுத்தம் வேறு, அதிலும் தாது உப்பு இருக்கிறது.

எப்போது ஊற்றுவது என்பதும் முக்கியம். முழு சார்ஜ் முடிந்த பிறகு. சார்ஜ் ஏறும்போது உள்ளே இருக்கும் ஆசிட் விரிந்து மட்டம் உயரும். முன்பே நிரப்பிவைத்தால் வழிந்து டிரேயையும் தரையையும் அரிக்கும், போன ஆசிட் போனதுதான். பிளேட் வெளியே தெரிகிற அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும் பிளேட் மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டு சார்ஜ் போடலாம், மீதியைப் பிறகு. வாரம் ஒருமுறை ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் கருவி) போட்டு ஒவ்வொரு செல்லையும் எழுதிவைக்கவேண்டும். முழு சார்ஜில் 1.280 பக்கம் நிற்கவேண்டும். எல்லாம் 1.275, 1.280 என்று காட்டும்போது ஒன்று மட்டும் 1.240 என்று சோர்ந்து நின்றால் அந்த செல்தான் அடுத்த மாதத்துப் பிரேக்டவுன். இந்த 24 எண்களை எழுத அரைமணி நேரம் ஆகும். வெளி மெக்கானிக் செய்யமாட்டார், விசிட்டுக்கு வரும் இன்ஜினியர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்வார். உங்கள் ஆள் ஒருவர்தான் செய்யமுடியும்.

சார்ஜிங் இடத்தில் காற்றோட்டம் வேண்டும். சார்ஜின் கடைசிக் கட்டத்தில் ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கத் தயார். கோடவுன் மூலையில் மெத்தைப் பெட்டிகளுக்கு நடுவே சார்ஜரை வைத்து, பக்கத்தில் பீடி பிடிக்கிற இடமும் இருந்தால் எந்த ஏ.எம்.சி.யும் காப்பாற்றாது. லித்தியத்துக்கு மாறினால் தண்ணீர், ஆசிட் வேலையெல்லாம் தீரும், சாப்பாட்டு நேரத்தில் செருகி எடுக்கலாம், இரண்டு ஷிப்ட்காரர்களுக்குக் கணக்குக் கட்டுப்படியாகும். ஒரே ஒரு எச்சரிக்கை: முன்னால் தூக்கும் லோடுக்கு ஈடுகொடுக்கும் பின்பாரத்தில் பழைய பேட்டரியின் எடையும் சேர்த்தி. லேசான லித்தியத்தை அப்படியே தூக்கி வைத்தால் வண்டி முன்னால் சாயும், குறைந்த எடையை ஈடுகட்டி வைக்கவேண்டும். வண்டியின் பிளேட்டில் பேட்டரியின் குறைந்தபட்ச எடை போட்டிருக்கும், பாருங்கள். சார்ஜரும் மாறவேண்டும்.

யார் சரியாகப் பார்க்கிறார் என்று எப்படித் தெரியும்?

கையெழுத்துப் போட்ட சர்வீஸ் ரிப்போர்ட்டை நம்பவேண்டாம். மூன்று அளவை நீங்களே எடுக்கலாம், பெரிய படிப்பு தேவையில்லை.

முதலில் ஃபோர்க். நிமிர்ந்து நிற்கும் பாகமும் படுத்திருக்கும் பாகமும் சேர்கிற வளைவுதான் தரையில் உரசித் தேயும் இடம், ஹீல் என்பார்கள். நிமிர்ந்த பாகம் தேயாது. ஆகவே நிமிர்ந்த பாகத்தின் கனத்தைக் காலிப்பரில் எடுத்து, ஹீலில் ஒப்பிடவேண்டும். மேலே 40 மில்லிமீட்டர், கீழே 36 என்றால் பத்து சதவீதம் போயிற்று, ஃபோர்க்கைத் தூக்கிப் போடவேண்டியதுதான். நாலு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். வளைக்கும் விசையைத் தாங்கும் பலம் கனத்தின் வர்க்கத்தில் போகிறது, 0.9 பெருக்கல் 0.9, 0.81. அதாவது தாங்கும் சக்தியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது, ஆனால் வண்டியின் பிளேட்டில் இன்னும் 3 டன் என்றே எழுதியிருக்கிறது. இரண்டு ஃபோர்க் நுனியும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். ஃபோர்க் நீளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் உயர வித்தியாசம் கூடாது என்பது சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 5057 சொல்லும் அளவு. ஒரு மீட்டர் ஃபோர்க்குக்கு 30 மில்லிமீட்டர்.

இரண்டாவது செயின். கப்பி மேல் ஓடும் பகுதிதான் அதிகம் தேயும், அங்கேதான் அளக்கவேண்டும், செயின் இழுவையில் இருக்கும்போது. புதிதில் 300 மில்லிமீட்டராக இருந்த நீளம் 309 ஆனால் 3 சதவீதம், மாற்றிவிடவேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிக்கக்கூடாது, ஜோடியாகத்தான். மேலே கிரீஸ் அப்பியிருப்பதைப் பார்த்துப் பராமரிப்பு நன்றாக இருக்கிறது என்று ஏமாறவேண்டாம். எண்ணெய் பின்னுக்குள் இறங்கவேண்டும், கெட்டி கிரீஸ் தூசியைத்தான் பிடித்துவைக்கும்.

மூன்றாவது, மாஸ்ட் இறங்குதல். முழு லோடை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி, சாக்பீஸால் மாஸ்ட்டில் கோடு போட்டு, ஆட்களைத் தள்ளி நிற்கச்சொல்லிப் பத்து நிமிஷம் விடுங்கள். ஐ.எஸ்.ஓ. 3691-1 தரத்தின்படி 100 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது. ஆரோக்கியமான வண்டி அதற்கு வெகு கீழேயே நிற்கும். போன மாதம் 20, இந்த மாதம் 60 என்றால் சிலிண்டர் சீலோ வால்வோ கசிய ஆரம்பித்துவிட்டது. சர்வீஸ் முடித்துவிட்டுப் போனவர் இதைச் சொல்லவில்லை என்றால், வேலை செய்தாரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தொழிற்சாலைச் சட்டம், 1948-இன் 29ஆம் பிரிவு பளு தூக்கும் இயந்திரங்களை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதி பெற்ற ஒருவர் முழுமையாகச் சோதிக்கவேண்டும் என்றது. உங்கள் கோடவுன் தொழிற்சாலைக் கணக்கில் வராமலிருக்கலாம், ஆனால் பெரிய வாடிக்கையாளரின் ஆடிட்டர் வந்தால் ஃபோர்க்லிஃப்ட்டுக்கும் அப்படி ஒரு சான்றிதழைக் கேட்பார். ஏ.எம்.சி. ரிப்போர்ட் அதற்கு ஈடாகாது. வண்டியைச் சரி செய்கிறவரே அதற்கு நல்ல சர்டிபிகேட் கொடுப்பதில் அர்த்தமும் இல்லை. இதற்கு வேறு ஆள்.

வாடகை வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பராமரிப்பு அவர்கள் பொறுப்பு, நின்றால் மாற்று வண்டி கொடுக்கவேண்டும். தசரா முதல் தீபாவளி வரை மட்டும் கூட்டம் உள்ள கோடவுனுக்கு இது சரியான வழி. வருஷம் பூராவும் இரண்டு ஷிப்ட் ஓட்டுகிறவர் மாத வாடகையோடு மணிக்கணக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். தாண்டினால் தனிக் கட்டணம் விழும். மாற்று வண்டி எத்தனை மணி நேரத்தில் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தினசரிச் சோதனை இதிலும் உங்கள் வேலைதான்.

அப்போ எதை எடுப்பது? என் கணக்கு இப்படி. ஒன்றிரண்டு வண்டி, ஒரு ஷிப்ட், வாரண்டி முடிந்த டீசல் என்றால் நல்ல வெளி மெக்கானிக், மணிக்கணக்கில் சர்வீஸ், மேலே சொன்ன நிபந்தனைகளோடு. அதே ஒன்றிரண்டு புது எலக்ட்ரிக் என்றால் கம்பெனியின் லேபர் ஏ.எம்.சி.; ஸ்பேர் அதிகம் போகாத வயதில் காம்ப்ரிஹென்சிவுக்குக் கொட்டவேண்டாம். நாலைந்து வருஷம் ஓடிய வண்டி, இரண்டு ஷிப்ட் என்றால் காம்ப்ரிஹென்சிவ், "எது முன்னால் வருகிறதோ" என்ற வரியோடு. நாலு முதல் பத்து வண்டி வரை உள்ளவர்களுக்கு நான் கலப்பைத்தான் சொல்வேன்: கம்பெனி ஏ.எம்.சி. ஒருபக்கம், பேட்டரி, கிரீஸ், ஹோஸ், அளவெடுப்பு இவற்றுக்கு உங்கள் சம்பளத்தில் ஒரு பையன் ஒருபக்கம். அவன் முழு மெக்கானிக்காக இருக்கத் தேவையில்லை. பத்துக்கு மேல் போனால் கம்பெனியிடமே ரெசிடென்ட் இன்ஜினியர் கேளுங்கள், தினம் உங்கள் கோடவுனுக்கே வேலைக்கு வருவார். அவர் லீவு போட்டால் மாற்று ஆள் அனுப்புவது அவர்கள் தலைவலி, சொந்த ஆளைவிட அது ஒரு சௌகரியம்.

ஆபீஸ் தூரம் அதிகமுள்ள பக்கத்தில் இருப்பவர்கள் இதில் ஒரு படி தள்ளி யோசிக்கவேண்டும். அத்திப்பள்ளியில் இருந்துகொண்டு பீன்யா ஏ.எம்.சி. எடுக்கிறவருக்கு இரண்டு வண்டியாக இருந்தாலும் அவசரத்துக்குப் பக்கத்து மெக்கானிக் ஒருவரின் நம்பர் வேண்டும். ஓசூர் பக்கத்து ஆட்களையும் விசாரிக்கலாம், எல்லையைத் தாண்டி வருவது அவர்களுக்குச் சுலபம், சில்க் போர்டைத் தாண்டுவதைவிட.

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறுகிற மாதத்தில் ஒரு வேலை இருக்கிறது. பழையவர், புதியவர், நீங்கள் மூன்று பேரும் ஒரே நாளில் வண்டியைச் சுற்றி வந்து ஹவர் மீட்டர், ஃபோர்க் கனம், செயின் நீளம், மாஸ்ட் இறங்கிய அளவு, செல் வாரியாக ஹைட்ரோமீட்டர் எண், டைரக்ட் கொடுத்திருக்கும் ஒயர்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போடவேண்டும். பழையவர் வரமாட்டேன் என்றால் புதியவரை வைத்தாவது செய்துவிடுங்கள், போட்டோவோடு. இது இல்லாவிட்டால் முதல் பெரிய பிரேக்டவுனில் புதியவர் சொல்லப்போவது "இது முன்னாடியே இருந்த ஃபால்ட் சார்" என்பதைத்தான். மறுத்துச் சொல்ல உங்கள் கையில் ஒரு காகிதமும் இருக்காது.